குழந்தைக்கு ஒரு துணி

12 ஜூலை 1974, வெள்ளி

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சாயங்காலம் அம்மா என் பையை அடுக்கினாள். புடவை, சோப்பு, ஃபிளாஸ்க் எல்லாம் இருந்தன. குழந்தைக்கென்று எதுவும் இல்லை.

"துணி வைக்கலையாம்மா?"

"பொறக்கட்டும்டீ. நம்ம கரமனைலேர்ந்து ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? அப்பா பஸ்ஸிலே கொண்டு வந்துடுவார்."

போன பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. கொண்டுபோன துணிகள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

அம்மா அடுக்களைக்குப் போனதும், அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணி ஒன்றை என் புடவைக்கடியில் வைத்தேன். பையை மூட வந்தவள் பார்த்துவிட்டாள். வெளியே எடுக்கவில்லை. ஒரு முறை நீவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தை உதைத்துக்கொண்டே இருக்கிறது. நின்றுவிடுமோ என்று தூங்கவே பயமாக இருக்கிறது.