தொண்ணூறு நாளில் மண்ணாகும்

ஜனவரி 9

அன்புள்ள மேகத்துக்கு,

ஒரு பை எந்த நாளில் பையாக இருப்பதை விட்டுவிட்டு மண்ணாகிறது? இருபத்து நான்கு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் மண்ணைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறேன். எனக்குப் பதில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் போனால் போதும் என்கிறாய் நீ. கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் இல்லாமல் போய்விட்டது என்று ஆகிவிடுமா என்று நான் கேட்டால், விடுதி அறையில் செய்தது போலத் தலையணையைத் தூக்கி எறிவாய்.

பார்சல் வந்தது. இருபது நாற்றுப் பைகள். கடற்பாசியும் கிழங்கு மாவும் சேர்ந்தால் இப்படி ஒரு நிறம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பால் விடாத தேநீருக்குள் வெயில் இறங்கியது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, ஆய்வு மாணவி வந்து, "என்ன மேடம், படம் ஓடுதா அதுல?" என்று கேட்டாள்.

கன்றைப் பையோடு நட்டுவிடலாம், கிழித்தெறிய வேண்டாம், பை கரைந்து வேருக்கு வழிவிடும் என்கிறாய். உன் தொட்டிகளில் எழுபதாம் நாளே பை இல்லை என்கிறது உன் அறிக்கை. சந்தோஷம். ஆனால் நான் பார்க்காத எதன் கீழும் கையெழுத்துப் போடுவதில்லை. உன் கல்யாணப் பதிவேட்டில்கூட மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்த பிறகுதான் போட்டேன்.

பத்துப் பைகளைத் தொட்டிகளில் புதைத்து, துறையின் மொட்டைமாடியில் வெயிலும் பனியும் படும்படி வைத்திருக்கிறேன். பொறு.

மூன்று வருடம் கழித்து எழுதியிருக்கிறாய், அதுவும் காரியம் இருந்ததால். பரவாயில்லை, காரியமாவது இருந்ததே.

உன்
தராசு


ஜனவரி 17

என் தராசுக்கு,

எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள், ஆனால் புதைத்தாய் பார், அதற்கு ஒரு முத்தம்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய அச்சகம். இயந்திரங்களை விற்றுவிட்டுப் போனவர்கள் அச்சு மாமாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். முப்பது வருடம் மையைக் கலக்கியவர், இப்போது எங்கள் பாசிக்கூழைக் கலக்குகிறார். கூழைக் கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காய வைத்து, தோலாக உரித்தெடுப்பது ஒரு அக்காவும் தங்கையும். அவர்கள் உரிக்கும்போது யாரும் பேசமாட்டோம். ஒரு பெரிய இலையிலிருந்து அதன் நிழலை மட்டும் பிரித்தெடுப்பது போல இருக்கும்.

சோதனைத் தொட்டிகள் பின்சுவர் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சாப்பிட்டுவிட்டு அங்கே சாய்ந்தால் போதும், கண் சொக்கும். தங்கைக்காரி தினமும் ஒரு கனவு சொல்கிறாள். "நம்ம பையும் இங்கயே தூங்கட்டும்மா, நல்லா மக்கும்" என்று தொட்டிகளை அங்கே வைத்தவர் மாமாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அணைக்கட்டுக்கு மேலே மொட்டையாகிப்போன மலைச்சரிவு முழுவதும் நாற்பதாயிரம் கன்றுகள் நடப்போகிறார்கள். அந்தக் கன்றுகளை வளர்க்கிற பண்ணைக்காரர் எங்கள் பையை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். மார்ச் 20 அன்று கையெழுத்திட்ட அறிக்கை அவர் கையில் இருக்க வேண்டும். இந்தத் தொழிலை நடத்திப் பார்க்க என் வீட்டுக்காரரிடம் ஒரு வருடம் கேட்டிருந்தேன். அந்த வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. இது நடக்காவிட்டால் அச்சகத்தைப் பூட்ட வேண்டியதுதான், தராசு.

உன்
மேகம்


பிப்ரவரி 20

அன்புள்ள மேகத்துக்கு,

இன்று நாற்பத்திரண்டாம் நாள். ஒரு தொட்டியைக் கவிழ்த்தேன். பையைக் குழாயடியில் கழுவினேன். நீ அனுப்பிய அன்று இருந்த அதே நிறம். அடியில் அழுத்தியிருந்த, 'தொண்ணூறு நாளில் மண்ணாகும்' என்ற உன் கம்பெனி முத்திரையைக்கூடப் படிக்க முடிந்தது. உன் தொட்டிகளில் இதே நாளில் ஓரம் சல்லடையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய்.

நீ பொய் எழுதுகிறவள் இல்லை. பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதிவைத்துவிட்டு வந்தவள். ஆகவே உன் தொட்டிகளும் உண்மை, என் தொட்டிகளும் உண்மை. நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது.

உன் தொட்டிகள் இருக்கும் இடத்தை ஒரு படமாக வரைந்து அனுப்பு. ஜன்னல் எங்கே, குழாய் எங்கே, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன, எல்லாம் வேண்டும்.

உன்
தராசு


பிப்ரவரி 27

தராசம்மா,

படம் இணைத்திருக்கிறேன். கோணல் என்று சொல்லாதே. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரொட்டிக்கடை. வாசனைக்கு இதுவரை வாடகை கேட்கவில்லை.

உன் மண்ணுக்கு உன் சுபாவம் வந்துவிட்டது போல. எதையும் சட்டென்று ஏற்றுக்கொள்ளாது. நீ அனுப்பிய கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அக்காக்காரி, "அந்தம்மா மண்ணை மிரட்டி வெச்சிருப்பாங்க, அதான் பயந்துகிட்டு எதையும் திங்க மாட்டேங்குது" என்றாள். மாமா சிரித்ததில் கூழ் தளும்பிவிட்டது.

நேரம் இல்லை. முதல் மூவாயிரம் பைகள் பண்ணைக்குப் போய், கன்றுகளும் அவற்றில் ஏறிவிட்டன. நேற்றுப் போய்ப் பார்த்தேன். காலைப் பனியில் மூவாயிரம் சின்ன விளக்குகள் மாதிரி நிற்கின்றன. நீ பார்த்தால் நீயும் கொஞ்ச நேரம் நம்புவாய்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு, என் கண்ணில்லையா.

மேகம்


மார்ச் 5

அன்புள்ள மேகத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். நீ பண்ணைக்குப் போயிருந்தாய். அச்சு மாமா கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும், "மண்ணை மிரட்டுற அம்மாவா? வாங்க வாங்க, இங்க எல்லாம் பயந்த சுபாவம்தான்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

பின்சுவரில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கும் ஒரு பெரிய பிராணியின் விலா போல. ரொட்டிக்கடையின் அடுப்பு அந்தச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது, விடியற்காலையிலிருந்து எரிகிறது. தொட்டி மண்ணில் வெப்பமானியைச் செருகினேன். நாற்பத்தொரு டிகிரி. இந்தக் குளிர் ஊரில், என் மொட்டைமாடித் தொட்டியில் பதினேழு. மலைச்சரிவில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு நடந்ததை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சுவரில் சாய்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், தூங்கிவிட்டேன். அரைமணி நேரம். கனவில் நாம் இருவரும் அந்தத் தேநீர் நிறப் பைக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. நீ விரலால் பையைத் தொட்டாய், விரல் பட்ட இடமெல்லாம் கரைந்தது. எனக்குக் கொஞ்சமும் பயமாக இல்லை. கண் விழித்தபோது மாமா எனக்காகச் சத்தம் போடும் மின்விசிறியை நிறுத்தியிருந்தார். உங்கள் எல்லோருக்கும் அங்கே ஏன் கனவு வருகிறது என்பது புரிந்தது. பைகளும் அந்தச் சூட்டில்தான் கரைந்திருக்கின்றன.

மேகம், குளிர்ந்த மண்ணில் இந்தப் பை ஒரு வருடமானாலும் போகாது. வேர் வழி தேடும், கிடைக்காது, பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுருளும். இரண்டாவது கோடையில் கன்று பட்டுப்போகும். மொத்தம் நாற்பதாயிரம். என்னால் கையெழுத்துப் போட முடியாது.

பை தப்பு என்று நான் சொல்லவில்லை. வெப்ப மண்ணுக்கு அது நல்ல பைதான். குளிர்ந்த மண்ணுக்கான கூழை இன்னும் நீ கண்டுபிடிக்கவில்லை.

தராசு


மார்ச் 11

வந்தாய், சுவரைத் தொட்டாய், தூங்கினாய், போய்விட்டாய். நான் மாலை நான்கு மணிக்கு வந்தேன். ஒரு இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இருபது வயதிலும் நீ இப்படித்தான். யாருக்காவது அழுகை வரும் என்று தெரிந்தால் நூலகத்துக்குப் போய்விடுவாய்.

வேறொரு நிபுணர் இருக்கிறார். தொட்டிகளை வந்து பார்த்தார். படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். உன் கையெழுத்துக்கு இனி அவசியம் இல்லை.

உன் மீதிப் பத்துப் பைகளை நீயே வைத்துக்கொள்.


மார்ச் 19

அன்புள்ள மேகத்துக்கு,

நூலகம் பற்றி நீ எழுதியது சரி. அன்று நான்கு மணிக்கு நீ வருவாய் என்று மாமா சொன்னார். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் நிலையத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், திரும்பி வந்திருக்கலாம். ஒரு அறிக்கையின் கீழே இல்லை என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஒரு முகத்துக்கு எதிரே சொல்வதற்கு நான் படித்ததே இல்லை.

நாளை பண்ணைக்குப் போகிறேன். பண்ணைக்காரரிடம் வெப்பமானி எண்களைக் காட்டப்போகிறேன். உன் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆனால் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் செய்து முடித்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இதையும் நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதன்பிறகு நீ எனக்கு எழுதமாட்டாய். மூன்று வருட மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன், இன்னும் நீளமானதையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சரிவில் நாற்பதாயிரம் கன்றுகள் நின்றுகொண்டே சாவதை மட்டும் பார்க்க முடியாது.

இன்று மாடியில் இரண்டாவது தொட்டியைக் கவிழ்த்தேன். அறுபத்தொன்பதாம் நாள். பை முழுசாக இருந்தது. அதைக் கழுவும்போது, கரைந்து போயேன் என்று அதனிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

உன்
தராசு

மார்ச் 20

நேற்றைய கடிதத்தை ஒட்டி அனுப்பவில்லை. நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் பழக்கம்.

காலை ஒன்பதரைக்குப் பண்ணையை அடைந்தேன். பனி இன்னும் விலகவில்லை. பாத்திகளுக்கு நடுவே நால்வர் குந்தியிருந்தீர்கள்: நீ, அக்கா, தங்கை, அச்சு மாமா. ஆளுக்கொரு கத்தரிக்கோல். கன்றைச் சாய்த்து, பையை மேலிருந்து கீழாக வெட்டி உரித்து, வேர்மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தீர்கள். பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு மணிக்கே நீ வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்றார். "ஆர்டர் இல்லைன்னு சொல்லிட்டேன் மேடம். அவங்க சரின்னுட்டு, சாக்கு இருக்கான்னு கேட்டாங்க."

நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் கண் வீங்கியிருந்தது. "வந்துட்டியா? என் கைப்பையில இன்னொரு கத்தரி இருக்கு, எடுத்துக்கோடி" என்றாய்.

கைப்பையைத் திறந்தேன். கத்தரிக்கோலுக்கு மேலே அந்த நிபுணரின் அறிக்கை, இரண்டாக மடித்து. கையெழுத்து இருந்தது, முத்திரையும் இருந்தது. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலை வரை வெட்டினோம். ஒருமுறை என் கையைப் பிடித்து, வேரில் படாமல் வெட்டும் கோணத்தைக் காட்டினாய். நாலரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆறு மணி பஸ் ஏறும்போது இன்னும் எழுநூறு பைகள் மீதி இருந்தன, நீ வெட்டிக்கொண்டிருந்தாய்.