நெடுங்குளத்து மதகு திறவற்க

வானம் வழங்குக, மண் விளைக. வெள்ளிவரை நாட்டைக் காத்தருளும் பெருந்தேவியார் குவளைமாலையாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் அமைச்சன் தாயன் பெருநம்பி, கீழ்க்கூற்றம் ஆளும் வல்லங்கிழார் பெருங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கன்றுகாலிகளும் நலமுற்றிருக்க அரசியார் வாழ்த்துகின்றார். தங்கள் இளவல் கடலனார் உயிரோடிருக்கின்றார் என்பதை முதற்கண் அறிக. ஏனையவற்றைப் பொறுமையோடு கேட்க.

மேற்கூற்றத்துக் காட்டில் பற்றிய தீ அவிந்ததும், இனி அச்சமில்லை என்று குடிகள் மனைக்குத் திரும்பினர். அக்கூற்றத்து அதிகாரி எயினன் சேந்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஆற்றங்கரைச் சாயக்காரர் தெருவில் சாயத்துக்கென அரிதாரமும் துத்தமுமாகிய நச்சுச் சரக்குகளை அடுக்கியிருந்த கிடங்குகள் அத்தீ பரவி எரிந்து, நஞ்சுச் சாம்பலாய்க் கிடந்தன. அதை அப்புறப்படுத்த ஆள் திரட்டுமுன்னரே கோடைமழை கொட்டி, அவ்வளவையும் நெடுங்குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குளத்தில் வாய்வைத்த கன்றுகள் கரையிலேயே கால் மடங்கி வீழ்ந்தன. செம்படவர் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டனர்.

எயினன் மதகுகளை அடைத்துக் காவலிட்டான். காய்ச்சினாலும் அந்நீர் ஆகாது என்று பறையறைவித்தான். தெருக்களில் எஞ்சிய சாம்பலை உலர்ந்தபடி பெருக்கவிடாமல், நனைத்து, மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி கட்டிய ஆட்களைக்கொண்டு அள்ளிப் புதைக்கச் செய்தான். மலைச்சுனை நீரை எருதுகளின்மேல் தோற்பைகளில் ஏற்றி வந்து வீடுதோறும் அளந்து கொடுத்தான், அது போதவில்லை. குடத்தோடு நின்ற தாயொருத்தி, "தண்ணியக் கண்ணுல காட்டி வாயக் கட்டிப்புட்டீங்களே, அழுவுற புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டாள். எயினன் தன் பங்கை அவள் குடத்தில் ஊற்றிவிட்டு முகம் பாராமல் நடந்தானாம்.

தங்கள் வயல்களுக்கு நீர் விடும் குளம் அடைபட்டதைப் பகை என்றெண்ணித் தாங்கள் இளவலைக் கடப்பாரை ஏந்திய ஆட்களுடன் விடுத்தீர்கள். அவர்கள் கரையேறியபோது எயினன் வாளைத் தொடவில்லை. மதகின்மேல் அமர்ந்தபடி, இந்நீரைக் கீழே விட்டால் குளம் நஞ்சு நீங்கித் தன் ஊர் பிழைக்கும், தங்கள் ஊர்கள் மாளும் என்றும், அதனாலேயே தன் குளம் பாழாயினும் தேக்கி வைத்திருப்பதாகவும் கூறினான். இளவல் நகைத்தார். "இது பொய்யென்று இப்போதே காட்டுகிறேன்" என்று குனிந்து இரு கையாலும் அள்ளினார். எயினன் பாய்ந்து தட்டிவிடுமுன் நீர் தொண்டையைக் கடந்துவிட்டது.

அவரைத் தன் வீட்டிலேயே கிடத்தினான். மருத்துவர் கொடுத்தது எதுவும் வயிற்றில் தங்காமல் இளவல் துவண்டு கிடந்த நாள்களில், எயினன் தலைமாட்டை விட்டு அகலவில்லை. சற்று முன்பே எழுந்து தடுத்திருக்கலாமே என்று ஓயாது புலம்பினானாம். மலைமேல் மறுபடி மேகம் திரள்கின்றது. மதகு அடைத்த கரை இன்னொரு மழையைத் தாங்குமோ என்று அரண்மனையிலும் அஞ்சுகின்றோம். இதனிடையே தாங்கள் படை கூட்டுவதாகவும் செய்தி வந்தது.

நேற்று இளவல் கஞ்சி அருந்தினார். கண் விழித்ததும், தம் ஆட்கள் மதகைத் திறந்துவிட்டார்களா என்றே வினவினார். இல்லை என்று எயினன் சொல்ல, அவன் கையைப் பற்றியபடியே உறங்கிப்போனார்.

ஆகலின் அரசியாரின் ஆணை இது. படையைக் கலைக்க. கரை உடையினும் நஞ்சு வயலேறாதிருக்கத் தங்கள் கால்வாய் முகத்தை இன்றே மண்ணிட்டு அடைக்க. படைக்கென நிறுத்திய எருதுகளை நீர் சுமக்க மேற்கூற்றத்திற்கு விடுக்க; விளைவிழக்கும் இரு கூற்றத்தார்க்கும் அரண்மனைக் களஞ்சியம் திறந்திருக்கும். மருத்துவர் நீரைத் தேர்ந்து நன்றென்று சொல்லுங்காறும் மதகு திறவற்க.

இதற்குச் சான்றாக அரசியாரின் குவளை இலச்சினை பொறித்தோம். இளவலைக் காண வருவீராயின் வாளின்றி வருக. அவர் குடிக்க நல்ல நீர் கொண்டு வருக.