காரிநங்கையின் கணினி குறித்துத் தம்பிக்கு வரைந்த ஓலை

வெள்ளருவிக் கோட்டையினின்றும், பொறைநாட்டு மலைகள் ஏழையும் காக்கும் உரிமை பூண்ட பெருமாப் பொறையன், கடல்சூழ் நீலத்துறை நாட்டில் நம் தூதராய் அமர்ந்திருக்கும் இளங்கோ சேந்தனுக்குத் தன் கையாலேயே வரைந்து விடுக்கும் ஓலை. நீ நலமே வாழ்க. ஒன்பது ஆண்டாய் உனக்கு இருக்கை தந்து பேணும் நீலத்துறை மன்னரின் கொடி தாழாதிருக்க. அவர் கலங்கள் யாவும் கரை காண்க.

ஆடி ஐந்தாம் நாள் நாம் விடுத்த ஓலையில் உன் தமக்கை காரிநங்கை இறைவனடி சேர்ந்த செய்தியை மட்டும் அறிவித்தோம். அதில் சொல்லாது விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லும் துணிவு வர நாற்பது நாள் ஆயிற்று.

பங்குனியில் அவளைப் பக்கவாதம் தாக்கியதை நீ அறிவாய். வலக்கையும் நாவும் ஒருசேர நின்றுபோயின. அறிவு மட்டும் முன்போலவே தெளிவாயிருந்தது. இடக்கையில் எழுத்தாணி கொடுத்தோம். கீறலும் கிழிசலுமே மிஞ்சின. அவள் சைகையால் ஒன்று கேட்பாள், நாம் வேறொன்றைக் கொண்டுவந்து நிற்போம், அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அதைக் கண்ட அரண்மனை மருத்துவர், விரல் ஒன்று அசைந்தாலே போதும், கணினியில் எழுத்துகளைத் தட்டித் தன் கருத்தை இளவரசியார் வெளிப்படுத்தலாம் என்று உரைத்தார். அன்றே, அவள் வாழ்ந்த மேலைமனைக்கு ஒரு கணினி வாங்க ஆணையிட்டோம்.

அடிவாரச் சந்தையின் வணிகர் வேட்டனார் சித்திரை முடிவில் பெட்டிகளை மலையேற்றினார். திறந்து பார்த்தால் திரை இருந்தது, விசைப்பலகை இருந்தது, இரண்டையும் கணினியோடு இணைக்கும் வடம் இல்லை. வடம் வர எட்டு நாள். வந்தபின், மின்கம்பியின் முனை நம் சுவரிலிருந்த துளைக்குள் நுழையவில்லை. சுவரை இடித்து வேறு துளை வைத்தோம். இவ்வளவும் அவள் கட்டிலுக்கு எதிரிலேயே நடந்தன. ஒவ்வொரு காலையும் இன்று ஆகிவிடும் என்று அவளிடம் சொன்னோம். அவளும் தலையசைத்தாள்.

ஒருவழியாகத் திரை ஒளிர்ந்தது. உடனே அது கடவுச்சொல் கேட்டது. கொடுத்ததையெல்லாம் போதாதென்று தள்ளிற்று. எண் வேண்டும் என்றது, குறி வேண்டும் என்றது. ஏற்றபின், கைப்பேசிக்கு ஓர் எண் வரும், பத்து நிமிடத்துக்குள் அதைத் திரும்பத் தருக என்றது. மேலைமனையில் கைப்பேசிக்குச் சமிக்ஞை ஏது? கோட்டைக் கொத்தளத்தின் உச்சியில்தான் கிடைக்கும். அங்கிருந்து வீரன் ஒருவன் படியிறங்கி ஓடி வருவதற்குள் எண் காலாவதியாகும். ஐந்து முறை அவன் ஓடினான். ஆறாம் முறை, வழிநெடுகக் காவலரை நிறுத்தி, அந்த எண்ணை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி அனுப்பச் செய்தோம். அன்று காரிநங்கை சிரித்தாள். நோயுற்றபின் நாம் கண்ட முதல் சிரிப்பு அது. அதற்காகவேனும் அந்தக் கருவியை வாழ்த்தினோம்.

ஆயினும் தமிழில் தட்டினால் திரையில் வெறும் கட்டங்களே வரிசை வரிசையாய் வந்தன. வேட்டனாருக்குச் சொல்லியனுப்பினோம். அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்கும்படி மறுமொழி வந்தது. மூன்று வாரம் அணைத்தோம், போட்டோம். பின்னர் அவரே நேரில் வந்து எழுத்துருவைச் சேர்த்துத் தந்து, மின்சாரம் நின்றாலும் தாங்கும் மின்கலப் பெட்டியும் வைத்து, கணினியை அணைக்கவே வேண்டா, திரை இருண்டால் ஒரு விசையைத் தொட்டால் போதும் என்று கூறிச் சென்றார். எழுதியதைச் சேமிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. திரையிலிருந்த மற்றக் குறிப்புகள் அயல்மொழியிலேயே நின்றன. அதையும் பெரிதாய் எண்ணவில்லை.

ஆனி பதினேழாம் நாள் அவள் எழுதத் தொடங்கினாள். செவிலி வெண்மணி முதுகைத் தாங்கிப் பிடிக்க, இடக்கையின் சுட்டுவிரலால் ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டினாள். எட்டிப் பார்த்த எம்மை, வெளியே போ என்பதுபோல் அந்த விரலாலேயே விரட்டினாள். அதற்குள் முதல் வரி எம் கண்ணில் பட்டுவிட்டது.

தம்பி சேந்தா, நீ விடைபெற வந்த அன்று நான் கதவைத் திறக்காததற்குக் காரணம். இவ்வளவே கண்டோம்.

கடல் கடக்க வேண்டா என்று அவள் தடுத்ததும், மீறி நீ புறப்பட்டதும், அவள் வாசலில் ஒரு பகல் முழுதும் நின்று நீ திரும்பியதும் அரண்மனை அறிந்தவை. ஒன்பது ஆண்டில் உன் ஓலைகளை அவள் ஒன்றுவிடாமல் வாசித்தாள். ஒன்றுக்கும் விடை எழுதவில்லை. இப்போது பதினொரு நாள், காலைதோறும் உணவுவேளை வரையில் எழுதினாள். அழிப்பாள், மீண்டும் எழுதுவாள். வெண்மணிக்கு எழுத்தறிவு இல்லை. அதனாலேயே அவளை அருகில் வைத்துக்கொண்டாள் போலும்.

இனி எழுதுவதை நாம் என்று எழுத எழுத்தாணி கூசுகிறது. நான் என்றே எழுதுகிறேன்.

பதினொன்றாம் நாள் நண்பகல் அவள் கண்ணயர்ந்திருந்தாள். நான் உள்ளே சென்றேன். திரையின் நடுவில் அயல்மொழிக் குறிப்பு ஒன்று. அதன் கீழே இரண்டு பொத்தான்கள். எழுதியதை வைத்திருக்கட்டுமா என்று கேட்கிறது போலும் என்று எனக்குள் முடிவு செய்தேன். அம்மொழி அறிந்த யாரையேனும் அழைத்துக் கேட்டிருக்கலாம். ஏழு மலைக்கு அரசன் ஒரு பொத்தானுக்காக ஆளனுப்புவதா என்று இருந்துவிட்டேன். பெரிய பொத்தானை அழுத்தினேன். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இசைவு கேட்டிருக்கிறது என்று பின்னர் அறிந்தேன். திரை இருண்டு, நெடுநேரம் கழித்து ஒளிர்ந்தது. எழுத்து ஒன்றும் இல்லை.

வேட்டனார் மறுநாள் ஓடிவந்தார். இரு பகல் தேடினார். சேமிக்காததை எங்கிருந்து எடுப்பேன் வேந்தே என்று அழுதார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை.

அவளிடம் நானே சொன்னேன். அழுத்தியது நான் என்றும் சொன்னேன். அவள் விசைப்பலகையைச் சைகையால் கேட்டு வாங்கி, பரவாயில்லை அண்ணா, நாளை மறுபடி எழுதுகிறேன் என்று தட்டினாள். இத்தனை சொற்களுக்கு அரை நாழிகைக்கு மேல் ஆயிற்று. மறுநாள் பொழுது புலர்ந்ததும் வெண்மணி அவளை நிமிர்த்தி உட்காரவைக்கப் போனாள். வாதம் இரண்டாம் முறை வந்திருந்தது. அதன்பின் அவள் விழிக்கவில்லை. ஆடி நான்காம் நாள் மூச்சு அடங்கியது.

சேந்தா, அந்தக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. வெண்மணிக்கும் தெரியாது. தெரியும் என்று எவரேனும் உன்னிடம் வந்தால் நம்பாதே. ஆறுதலுக்காக நானே ஒன்றைப் புனைந்து எழுதியிருக்கலாம். இரண்டு ஓலை அப்படி எழுதிக் கிழித்தும் போட்டேன். அவள் சொல்லை ஒருமுறை அழித்தவன் இன்னொருமுறை அழிக்கலாகாது. நான் கண்ணால் கண்டது இது: தண்ணீர் கேட்கவும், வலி சொல்லவும் வாங்கித் தந்த கருவியில், தனக்கென்று அவள் எதையும் கேட்கவில்லை. முதலில் உன் பெயரைத்தான் தட்டினாள். உனக்காகவே பதினொரு நாளும் விரல் நோக எழுதினாள்.

இதற்குச் சான்றாக எம் முத்திரையைப் பொறிக்கிறோம். தூதுப்பணியினின்றும் உன்னை விடுவித்தோம்; வருவதும் அங்கேயே வாழ்வதும் உன் விருப்பம். என்மேல் சினம் கொள்ளவும் உனக்கு உரிமை தந்தோம். ஆனால் அந்தக் கதவு மூடியிருந்த பகலை இனி நீ சுமக்கலாகாது. இதை அண்ணன் சொல்லாகக் கேட்க மனம் இல்லையேல் அரசன் ஆணையாகக் கொள்க.

ஆவணி பதினைந்தாம் நாள், வெள்ளருவிக் கோட்டையில், பிறர் கை படாது எழுதி இலச்சினையிட்டோம்.

பெருமாப் பொறையன்.