ஏழாம் காட்சியின் மணி

வீட்டிலிருந்து,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. வாரா வாரம் உன் குரலை ஆறு மணி நேரம் கேட்கிறேன். தொண்டை தேறிவிட்டது. பேச்சின் வேகம்தான் கூடியிருக்கிறது, கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு.

ஃபோனில் நான் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று சண்டை போட்டாய். சரி, எழுதுகிறேன். வழக்கமாக அனுப்பும் மைக் பேட்டரிப் பெட்டிக்குள் இந்தக் கடிதமும் வரும். முதலில் வேலை. இருபத்து நான்கு பேட்டரியையும் சோதித்துவிட்டேன். சிவப்புப் புள்ளி வைத்த ஐந்தும் இடைவேளை வரைதான் தாங்கும். அவற்றை உன் தலைவராக நடிக்கும் அந்த ஆளின் மைக்கில் போட்டுவிட வேண்டாம் என்று ஒளி அக்காவிடம் சொல். விளக்கு, ஒலி இரண்டையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார், பாவம், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவார். போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மதிய இடைவேளையில் எங்கள் காதுக்கருவி நிலையத்தின் சோதனை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பதிவுகளைக் கேட்கிறேன். ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் அறை. நேற்று மேலாளர் எட்டிப் பார்த்து, என்ன கதை என்று கேட்டார். நிஜமாக வாழ்ந்து செத்துப்போன இரண்டு அரசியல்வாதிகள், ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர்கள், ஒருவர் ஆட்சிக்கு வந்ததும் மற்றவரைப் பதினெட்டு மாதம் சிறையில் போட்டார், சிறைக்குப் போன தலைவரின் மனைவியாக என் மனைவி நடிக்கிறாள் என்றேன். "அப்ப நீ யாருப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு அது நகைச்சுவை.

போன மாதம் நான் போட்டுத் தந்த வடிகட்டிக்குப் பிறகு பதிவு சுத்தமாகிவிட்டது. ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் சத்தம் எதுவும் உள்ளே நுழையாது. மின்விசிறி இரைச்சல் ஒழிந்தது. விசில், கைதட்டல், கூச்சல் மட்டும் பளிச்சென்று வருகின்றன. இயக்குநர் கேட்ட அட்டவணையைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் எந்த வசனத்துக்கு எத்தனை விநாடி கைதட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், அந்த ஆள் தலைவராக உள்ளே நுழைந்ததும் நான்கு ஊரிலும் எழுந்து நின்றிருக்கிறார்கள். நாற்காலி மடங்கும் சத்தத்திலிருந்து தெரிகிறது. மூன்றாவது ஊரில் ஒருவர் மேடைக்கே வந்து அவரிடம் ஓய்வூதிய மனு கொடுத்திருக்கிறார். அவரும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாராம். அதை எங்கே கொடுக்கப் போகிறார்? இன்னொரு ஊரில், "நீங்க அன்னிக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கவே கூடாது" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் விவாதத்துக்கு இறங்கியிருக்கிறார். செத்தவரோடு வாதாடுகிறார்கள். படித்தவர்கள் மாதிரிதான் பேச்சு இருந்தது.

உன்னைப் பற்றியும் வருகிறது. காட்சி முடிந்ததும் பெண்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தலைவர் நல்லாருக்காராம்மா?" என்று கேட்கிறார்கள். நீயும், "நல்லாருக்காரு" என்கிறாய். கட்டியவன் இங்கே இருக்க, ஊரே என் மனைவியிடம் இன்னொருத்தன் சுகத்தை விசாரிக்கிறது.

பத்திரிகையில் வந்த உங்கள் இருவர் படத்தை அம்மா வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தப் பாதியைக் கிழித்துவிடு என்றேன். "அவரைக் கிழிச்சா உன் பொண்டாட்டி தோளும் சேந்து போயிடும்டா" என்றாள்.

ஏழாம் காட்சியைக் கேட்டீர்களா என்று மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தாய். கேட்டேன்.

இப்படிக்கு,
உன் இன்ஜினியர்.


வீட்டிலிருந்து,
புதன்கிழமை.

அன்புள்ள வாயாடிக்கு,

பேட்டரிகளோடு புது மெமரி கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். மேடையில் போடும் ஒலிகள் எல்லாம் அதில் திருத்தப்பட்டிருக்கின்றன. பழையதில் லேசான ரீங்காரம் இருந்தது. சனிக்கிழமை காட்சியிலிருந்து இதையே போடச் சொல்.

ஏழாம் காட்சி பற்றி "கேட்டேன்" என்று ஒரே வார்த்தை எழுதினேனாம், வாயில் கல்லை வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கிறதாம். சரி, விவரமாகவே எழுதுகிறேன். நீயும் தெரிந்துகொள்.

சிறையில் நீ அவரைப் பார்க்க வருகிறாய். நடுவே ஒரு மேசை. "வெளியில இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறாய். அவர் பேசுவதில்லை. நீ மேசையிலிருந்து கையை எடுத்ததும் ஒளி அக்கா மணியை அடிக்க வேண்டும். நேரம் முடிந்தது, காவலர் வருகிறார், விளக்கு அணைகிறது. ஒத்திகையில் நான் பார்த்தபோது உன் கைமேல் அவர் கை இருந்தது. அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

உன் கேள்விக்கும் மணிக்கும் நடுவே முதல் ஊரில் நான்கு விநாடி. இரண்டாம் ஊரில் ஏழு. பிறகு பதினொன்று. போன ஞாயிறு பத்தொன்பது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. கைதட்டல் இல்லை, இருமல்கூட இல்லை. உன் மைக்கில் அந்த ஆளின் மூச்சு மட்டும் கேட்கிறது. பத்தொன்பது விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார். கல்யாணமான புதிதில்கூட என் கையை நீ அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

மணி எப்போது அடிக்க வேண்டும் என்பது உன் கையில் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். உனக்குக் கையை எடுக்க மனமில்லையா?

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எனக்கு நிலையத்தில் வேலை அதிகம்.

இப்படிக்கு,
இன்ஜினியர்.


வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை.

அன்புள்ளவளுக்கு,

ஒன்பது நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. எடுக்காதது சரிதான். இதைப் படிக்காமல் மட்டும் கிழித்துவிடாதே.

ரீங்காரம் எதுவும் இல்லை. அது பொய். உன் கேள்விக்கு முன்னால் அக்கா போடும் சிறைக்கூடத்துக் காலடிச் சத்தத்தோடு மணியையும் சேர்த்து ஒட்டி, உன் கேள்வி முடிந்த நான்காவது விநாடியில் தானே அடிக்கும்படி செய்து அனுப்பினேன். நீ கையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடிக்கும். எனக்குத் தேவை அதுதான். தலைவரின் சொந்த ஊரில் நடக்கும் காட்சி என்று தெரிந்துதான் செய்தேன். கூட்டம் பெரிதாக இருக்கும், அந்த ஆளை அங்கே இன்னும் கொண்டாடுவார்கள் என்ற எரிச்சலில்.

நடந்ததை ஒளி அக்கா ஃபோனில் சொன்னார். மணி அடித்ததும் காவலர் வேடக்காரர் உள்ளே வந்துவிட்டார். கூட்டம், "நிறுத்து, நிறுத்து" என்று எழுந்தது. எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு தலைவரின் காட்சியைக் குறைத்துவிட்டீர்கள் என்று இருபது பேர் அக்காவின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். நெருக்கித் தள்ளியதில் அவருடைய கண்ணாடி நசுங்கியது, மணிக்கட்டு வீங்கியது. நீ மேடையின் முன்னால் வந்து, "தப்பு என்னோடதுதான், கையைத் தெரியாம எடுத்துட்டேன்" என்று சொல்லிக் கும்பிட்டாயாம். அக்காவை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக் கத்தினார்களாம். என் வேலைக்கு நீ திட்டு வாங்கினாய். மணி கார்டிலேயே ஒட்டியிருந்தது என்று அன்றைக்கே அக்கா உன்னிடம் சொல்லிவிட்டாராம். அதற்கு நீ ஒன்றுமே சொல்லவில்லையாம். நீ! ஒரு வார்த்தைகூட!

அக்காவிடம் நான் பேசியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால், அப்படியென்ன பத்தொன்பது விநாடி அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டேன்.

அக்கா, "கையா? அந்தக் காட்சியில அவருக்குக் கையே கிடையாதுப்பா. ரெண்டாவது ஊர்லேர்ந்து பின்னால வெச்சுக் கட்டியிருக்கோம்" என்றார். தலைவரோடு உள்ளே இருந்த ஒருவர் இரண்டாம் ஊரில் நாடகம் பார்த்துவிட்டு, அப்படிக் கட்டித்தான் கூட்டிவருவார்கள் என்று சொன்னாராம். இயக்குநர் அன்றைக்கே மாற்றிவிட்டாராம். அந்த மூச்சைப் பற்றியும் கேட்டேன். "அவருக்கு மூக்கடைப்பு. உனக்கு மூளையடைப்பா?"

ஜனங்கள் பேசுவது உனக்குக் கேட்கவே இல்லையா என்று அடுத்து அவர் கேட்டார். எந்தப் பேச்சு என்றேன். அந்தப் பத்தொன்பது விநாடி ஞாயிறன்று தன் ஃபோனில் எடுத்து வைத்திருந்த பதிவை அனுப்பினார். என் வடிகட்டி இல்லாத பதிவு.

சோதனை அறையில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் மின்விசிறி. உன் கேள்வி. பிறகு ஒரு பெண் குரல், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவது போல மெதுவாக: "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எங்களுக்குத் தெரியும்." அதற்குப் பின்னால் சரியாகப் புரியாத ஒரு ஆண் குரல். பிறகு "எங்க வீட்டுக்காரனையும் அப்பத்தான் புடிச்சாங்க" என்று இன்னொரு பெண், "புள்ளைங்களை நாங்க பாத்துக்கறோம்னு சொல்லு" என்று யாரோ. ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். யாரும் கத்தவில்லை. கடைசியாக ஒரு கிழவர் குரல்: "நாங்க அந்தப் பக்கம் நின்னவங்க. செஞ்சது தப்புதான்னு அவர்கிட்ட சொல்லும்மா." அவர் சொல்லி முடித்த பிறகுதான் மணி அடிக்கிறது.

இதைத்தான் மூன்று முறை கேட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய். உன் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளக் கேட்டிருக்கிறாய். மின்விசிறியை ஒழிக்கிறேன் என்று அத்தனை பேர் வாயையும் நான் அடைத்து வைத்திருந்தேன். அடைத்த பிறகு மிஞ்சியது உன் துரோகம் என்று கணக்குப் போட்டேன். காது கேட்காதவர்களுக்கு நான்தான் கருவி திருத்திக் கொடுக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

"கையை எடுத்தா நான் மணி அடிச்சிடுவேன். சனங்க பேசி முடிக்கட்டும்னுதான் எடுக்காம உக்காந்திருந்தா. தோள் வலிக்குதுன்னு ராத்திரி தைலம் தேச்சுவிட்டவ நான்" என்றார் அக்கா. அவருடைய கண்ணாடிக்கு அளவு வாங்கிப் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறேன். இயக்குநருக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது, உன்னுடையதில்லை என்று. அடுத்த காட்சி தொடங்கும் முன் அதை மேடையில் படிக்கச் சொல்லியிருக்கிறேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அந்த ஆள் படித்தால்கூட எனக்குச் சம்மதம். நல்ல குரல் அவருக்கு.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது அடுத்த பொய். போகவில்லை. முன்பு ஒரு ஆள் மேல் இருந்தது, இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லார் மேலும் இருக்கிறது. அந்த முதல் பெண் மேல் அதிகம். முன்பின் தெரியாதவள், நீ கேட்டதும் பதில் சொல்லிவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை. நீ என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாய். சாப்பிட்டீர்களா என்பதிலிருந்து, நான் மேடைக்குப் போவது உங்களுக்கு நிஜமாகவே சம்மதமா என்பது வரை. எல்லாவற்றுக்கும் "ம்" என்றுதான் சொன்னேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சம்மதமில்லை. பயமாக இருந்தது, இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நீ இறங்கிவிடக் கூடாது.

இயக்குநர் இன்னும் ஆறு மாதம் நடிக்கக் கேட்டிருக்கிறார், நீ பதில் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னார். நான் தடுப்பேன் என்று தயங்குகிறாயா, நான் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவதா என்று யோசிக்கிறாயா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது என்றால் கேட்க எனக்கு வாயில்லை. முதலாவது என்றால் ஒப்புக்கொள்.

சனிக்கிழமை காட்சிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறேன். பதினோராவது வரிசை, ஓர நாற்காலி. மேடைக்குப் பின்னால் வரமாட்டேன். ஒரு வயரையும் தொடமாட்டேன். காட்சி முடிந்ததும் கூடத்தின் முன்வாசலில், எல்லோரும் போன பிறகும் நிற்பேன். உங்கள் வண்டி பின்வாசலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீ அந்த வழியாகவே போய்விட்டால் நான் ஒன்றும் கேட்காமல் பஸ் ஏறிவிடுவேன்.

முன்வாசல் பக்கம் வா.

உன்னவன்.