சாப்பிட்டுத் தொலையுங்கள்

ஜூன் 3

அன்பு நர்சம்மாவுக்கு,

நானும் பூனையும் நலம். நீயும் உன் வார்டும் எப்படி?

ஒரு பெரிய செய்தி. இனி நாட்டுக்கு ஆட்சிமொழி ஆங்கிலம் ஒன்றுதான் என்று சட்டம் வரப்போகிறதாம். அரசு ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு தாள் வந்தது. அந்தத் தாளே ஆங்கிலத்தில்தான் இருந்தது. எங்கள் குடிநீர் ஆபீசில் முதல் ஆளாக நான்தான் ஆதரவு என்று டிக் போட்டேன். மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அதே சூட்டோடு, உன்னை இந்த ஊருக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் நானே நிரப்பி அனுப்பிவிட்டேன். முதலில் அதை உனக்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். எதற்கு? எனக்குத் தெரியாதா? திருமண நிலை என்று ஒரு கேள்வி, நாலு கட்டம். நமக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் இருந்தது. அகராதியைப் பார்த்துத்தான் டிக் போட்டேன்.

இரண்டு வருஷமாக ஒற்றைத் தட்டைக் கழுவிக் கழுவி அலுத்துவிட்டது. சீக்கிரம் வந்து சேர்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 11

துரை அவர்களுக்கு,

அந்தத் தாள் இங்கேயும் வந்தது. நான் வேண்டாம் என்று போட்டேன். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான். ஆஸ்பத்திரிப் பலகைகளை எல்லாம் இப்போதே மாற்றிவிட்டார்கள். போன வாரம் பல்வலி என்று வந்த பெரியவர் ஒருவர் பிரசவ வார்டு வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். "எத்தனை மாசம்?" என்று நிமிராமல் கேட்டிருக்கிறாள் புது நர்ஸ். "வலி ஆரம்பிச்சு மூணு மாசமாச்சும்மா" என்றிருக்கிறார்.

அது இருக்கட்டும். எந்தச் சொல்லுக்கு டிக் போட்டீர்கள்? உடனே எழுதுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தொலையுங்கள்.

உங்கள் நர்சம்மா


ஜூன் 24

அன்பு நர்சம்மாவுக்கு,

மாற்றல் கிடைத்துவிட்டது! பதில் வந்திருக்கிறது. பாதி புரியவில்லை, ஆனால் கடைசி வரியில் கோப்பு 'க்ளோஸ்டு' என்று போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்தால்தானே கோப்பை மூடுவார்கள்? ஆபீஸ் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். படுக்கையறைக்கு உனக்குப் பிடித்த பச்சையில் பெயின்ட் அடித்தேன். பூனையும் கொஞ்சம் பச்சையாகிவிட்டது.

நீ கேட்ட சொல் 'செப்பரேட்டட்'. தனித்தனியாக இருப்பவர்கள். நீ அங்கே, நான் இங்கே. சரிதானே?

உன் வீட்டுக்காரன்


ஜூலை 2

துரை அவர்களுக்கு,

ஒத்துவராமல் பிரிந்துவிட்ட புருஷன் பெண்டாட்டி என்று அதற்கு அர்த்தம். பிரிந்துபோனவளை எதற்குப் புருஷன் ஊருக்கு மாற்ற வேண்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுத்தான் கோப்பை மூடியிருக்கிறார்கள். ஒரு நகல் இங்கேயும் வந்தது. தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கோம்மா" என்றார். கம்பவுண்டர் இரண்டு நாளாகத் தலை வாரிக்கொண்டு வருகிறார்.

சிரிக்காதீர்கள். உங்கள் கடிதத்துக்கு முந்தின நாளே அந்த நகல் வந்துவிட்டது. தெரிந்தேதான் போட்டாரோ என்று ஒரு பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போடக் கை வரவில்லை. மறுநாள் உங்கள் பச்சைப் பூனையைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நேரில் போய்ச் சரிசெய்யுங்கள். சாப்பிட்டும் தொலையுங்கள்.

உங்கள் நர்சம்மா


ஜூலை 14

அன்பு நர்சம்மாவுக்கு,

என்னை மன்னித்துவிடு. அந்த ஒரு பகலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாற்றல் ஆபீசுக்குப் போனேன். "சேர்ந்துதான் இருக்கீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி. உன் கடிதங்கள் எழுபத்து மூன்றையும் பையோடு கொட்டினேன். "இங்கிலீஷ்ல குடுங்க" என்றார். எதிரே இருக்கும் டைப்பிஸ்ட்டிடம் கொடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வாங்கிப் போனேன். அதிகாரி படித்தார். 'வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், பிறகு காணாமல் போய்விடுங்கள்' என்று இருந்ததாம். அடுத்ததை எடுத்தார். அதிலும் காணாமல் போகச் சொல்லியிருந்தாய். எழுபத்து மூன்றிலும்.

"உங்கள விரட்டறதுலயே குறியா இருக்காங்களே சார்!"

"அது பாசம் சார்" என்றேன்.

"இதுல பாசம்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்றார்.

வருகிற இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை கடைசி விசாரணை. அதிலும் தள்ளிவிட்டால் மூன்று வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பயமாக இருக்கிறது.

எங்கள் ஆபீசில் அந்தக் கருத்துத் தாளையும் திருப்பிக் கேட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். அதுவும் ஆங்கிலம். நான் தொடவே இல்லை, உனக்காக வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 17

என் துரைக்கு,

லீவு போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அந்த ஆபீசுக்கே வருகிறேன். நீங்கள் எதுவும் சாப்பிடாமல்தான் வந்து நிற்பீர்கள், எனக்குத் தெரியும். அதிகாரி முன்னாலேயே உங்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறேன். எந்தக் குரலில் சொல்கிறேன் என்று அவர் தன் காதால் கேட்கட்டும். பிறகு அதை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

மாற்றல் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பச்சை அறையில் நாலு நாளாவது இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். இரண்டாவது தட்டைத் தேய்த்து வையுங்கள்.

அதுவரை சாப்பிட்டுத் தொலையுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் யாரிடமும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள்.

உங்களைப் பிரியாத
நர்சம்மா