நான் அருவியில் குளித்துவிட்டேன், அண்ணி

கொடியில் என் சுடிதார் காய்கிறது. அலசிப் போட்டும் அருவியின் பாசி வாடை போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத இன்னொரு தரம் அலசக் கூடாதா?" என்று கேட்டிருப்பீர்கள். அலச மாட்டேன் அண்ணி. நாலு நாளைக்கு இந்த வாடை வீட்டில் இருக்கட்டும்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம், 2005இல், சிதம்பரத்திலிருந்து வேன் பேசிக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். முதுநகரில் கடலைப் பார்த்து வளர்ந்த நான் அதுவரை அருவியே பார்த்ததில்லை. ராத்திரி தூக்கம்கூட வரவில்லை. வண்டி கிளம்பும் நேரம் பார்த்து ஒரே ஒரு தும்மல் தும்மித் தொலைத்தேன். நீங்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்த பிறகே விட்டீர்கள். அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

வேனை விட்டு இறங்கினால் அருவிவரை சமதளமான பாதை. கைக்குழந்தைக்காரிகூட நடந்துவிடலாம். சாரல் முகத்தில் பட்டதும் செருப்பைக் கழற்றினேன். நீங்கள் என் தோளில் பையை மாட்டினீர்கள்.

"ஒத்தத் தும்மல் தும்மினவ தண்ணியில எறங்க வாணாம். கொரங்கு ஜாஸ்தி, நீ பைங்கள பாத்துக்க."

உங்கள் தம்பியை, அதான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அக்கா சொல்லுது, உடு" என்று துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

அந்த ஒரு தும்மலுக்கு எத்தனை வருஷத் தண்டனை! மறுவருஷம் நான் தும்மவில்லை. "அவளுக்கு அருவித் தண்ணி ஒத்துக்காது" என்று வேனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். குளிக்கவே விடாமல் அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அப்புறம் அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. இறங்கியதும் பைகளை என் பக்கத்தில் குவித்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. நீங்கள் தலையைத் துவட்டியபடி வந்து, "ஒரு கொரங்க வெரட்டத் துப்பில்ல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் கறுவிக்கொண்டேன்.

உங்கள் வருஷத் திதி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முறை தவறினேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாதல்லவா? முடிந்த அடுத்த ஞாயிறே, அதாவது நேற்று, வேன் பேசச் சொன்னேன். வண்டி கிளம்பும்போது தாளைச் சுருட்டி மூக்கில் விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு தும்மல் தும்மினேன்.

உங்கள் தம்பி பதறிப்போனார். "ஏய், இன்னொண்ணு தும்முடி!"

"ஒண்ணே போதுங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அருவிக்கரையில் எல்லாப் பைகளையும் அவர் மடியில் வைத்தேன். "கொரங்கு ஜாஸ்தி, பாத்துக்குங்க" என்றேன்.

தலையில் தண்ணீர் விழுந்தபோது யாரோ அடிப்பது போல இருந்தது. மூச்சு முட்டியது. விலகவில்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வசவையெல்லாம் உங்கள் பேரைச் சொல்லி உரக்கத் திட்டித் தீர்த்தேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. உதடு நடுங்கும்வரை நின்றேன். இதுவரை சளியும் பிடிக்கவில்லை, ஜுரமும் வரவில்லை.

ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை, அண்ணி. திரும்பிப் பார்த்தால் கரையில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சொட்டச் சொட்ட வந்து உங்கள் கண்ணெதிரே தலையைத் துவட்ட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமும் வாய் மூடிக் கிடந்தேன். அதைக்கூடத் தராமல் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மற்றதையெல்லாம் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மட்டும் மாட்டேன்.