ஷாம்பு பாட்டிலில் போட்ட ஊசிகள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு நலம், கப்பலில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும். எனக்குச் சர்க்கரை பரவாயில்லை, கண்தான் மங்கல், அதனால் வழக்கம்போல் நான் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். வேளைக்குச் சாப்பிடு. சொல்ல வேறு ஒன்றும் இல்லை, அலுப்பாக இருக்கிறது.

அண்ணா, கடைசியில் எழுதச் சொன்ன இரண்டு வரி தவிர அம்மா சொன்னது அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். இனி நானாக எழுதுகிறேன். ஒன்றும் இல்லை என்பது பொய். அம்மா இன்சுலின் போட்ட ஊசிகளை நர்ஸ் சொன்னபடி கெட்டியான ஷாம்பு பாட்டிலில் போட்டு இறுக மூடி, நிறைந்ததும் மருந்துக்கடையில் கொடுப்பாள் அல்லவா. குப்பை எடுக்கும் அக்கா விற்றுக்கொள்ளட்டும் என்று காலி பாட்டில்களையும் பக்கத்திலேயே சேர்த்துவைப்பாள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. கண் தெரியாமல் நேற்று ஊசி பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். கழுவலாம் என்று அந்த அக்கா மூடியைத் திறந்து கவிழ்த்துத் தட்ட, ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. இன்று கட்டுப் போட்ட கையோடு வீடு வீடாக வந்து, சண்டைக்கு வரலம்மா, யார் வீட்டு ஊசின்னு மட்டும் சொல்லுங்க, அவங்க ரத்தத்தையும் பாக்கணுமாம், லேட் பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு என்றார். அம்மா கதவிடுக்கில் நின்று, எங்க வீட்ல யாருக்கும் ஊசி கிடையாது என்றாள். கதவைச் சாத்திவிட்டு என்னிடம், வாயத் தெறந்தே, தோலை உரிச்சிடுவேன், தெருவே காறித் துப்பும் என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவும் இல்லை. பாவம் அண்ணா, அவளும் பயந்துதான் போயிருக்கிறாள்.

உன்னிடம் யோசனை கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கப்பல் கரை சேர்ந்து இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் கடந்துவிடும் என்று எழுதும்போதுதான் உறைக்கிறது. காலையில் குப்பை வண்டி மணி கேட்டதும் இறங்கிப்போய்ச் சொல்லிவிடப் போகிறேன். பிறகு அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டாள். உன்னிடம் புலம்பினால் என் பக்கம் நில். இனி ஊசி பாட்டிலில் கொட்டை எழுத்தில் எழுதி, என் புத்தக அலமாரியில் வைத்துக்கொள்கிறேன், நானே கடையில் கொடுக்கிறேன் என்றும் அவளிடம் சொல்.

மற்றபடி அவள் சொன்னபடியே முடிக்கிறேன். தேதி போன மாத்திரைகளைப் பையில் வைத்துக்கொள்ளாதே, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. யாருக்கும் கெடுதல் செய்யாமல் நல்லா இருப்பா என்று அம்மா உன்னை ஆசீர்வதித்தாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும், அம்மாவுக்குத் தெரியாமலும்,
உன் தங்கை